கேரோ: ஒன்பதில் ஒன்றாகச் சுருங்கிய ஊர் (கேள்வி பதில்)

அமெரிக்காவின் இல்லினாய் மாநிலத்தின் தென்கோடியில், ஒஹாயோ ஆறும் மிசிசிப்பி ஆறும் கூடுமிடத்தில் இருக்கும் கேரோ என்ற சிற்றூர் பற்றி வந்த கேள்விகளுக்கு ஒரே மூச்சில் பதில்.

சார், கெய்ரோவா கேரோவா?

எழுத்து எகிப்து ஊருடையதுதான். உள்ளூர் வாயில் 'கேரோ'. 'கெய்ரோ' என்றால் வெளியூர் ஆள் என்று கண்டுபிடித்துவிடுவார்கள்.

மக்கள்தொகை உண்மையிலேயே அவ்வளவு விழுந்ததா?

1920இல் 15,203 பேர். 1960இல் 9,348, 1970இல் 6,277, 2000இல் 3,632, 2010இல் 2,831, 2020இல் 1,733. தலைக்கணக்கில் பெரிய சரிவு 1960களில். விகிதத்தில் பார்த்தால் கடைசிப் பத்தாண்டுதான் மோசம்: ஐந்தில் இரண்டு பேர் போய்விட்டார்கள்.

அதே பத்தாண்டில் அமெரிக்காவிலேயே அதிக விகிதத்தில் ஆட்களை இழந்த கவுண்டியும் (நம்ம ஊர் மாவட்டம் மாதிரி) கேரோ இருக்கும் அலெக்சாண்டர்தான், 36 சதவீதம். டாம்ஸ் என்ற பக்கத்து ஊரின் சிறை 2013 தொடக்கத்தில் மூடப்பட்டதும் அதில் ஒரு பங்கு. கைதிகளைச் சிறை இருக்கும் ஊரிலேயே எண்ணுவார்கள், அதனால் சிறை மூடினால் தலைக்கணக்கும் வேலையும் சேர்ந்தே போகும்.

காரணம் இனக்கலவரம் என்கிறார்களே, அண்ணா?

பாதி சரி. 1889இல் ஒஹாயோ மேல் ரயில் பாலம் வந்தது. அதுவரை ரயில் பெட்டிகளைப் படகில் அக்கரை சேர்த்த பிழைப்பு அதோடு தேய்ந்தது. பிறகு சாலைப் பாலங்கள். 1978இல் 57ஆம் எண் நெடுஞ்சாலைப் பாலம் வந்து, வண்டிகள் ஊருக்குள் நுழையாமலே போயின.

மீதிப் பாதி ஊர் தானே தேடிக்கொண்டது. 1967 ஜூலையில் ராபர்ட் ஹண்ட் என்ற 19 வயதுக் கறுப்பினச் சிப்பாய் காவலில் இறந்தார். தற்கொலை என்றது போலீஸ். கறுப்பின மக்கள் நம்பவில்லை, கலவரம் வெடித்தது. 1969இல் 'யுனைடெட் ஃப்ரன்ட்' அமைப்பு, கறுப்பினத்தவருக்கு வேலை தராத கடைகளைப் புறக்கணிக்கச் சொன்னது. வேலை கொடுப்பதைவிடக் கடையை மூடுவதே மேல் என்று பல வெள்ளையர் முதலாளிகள் மூடினார்கள். வீம்புக்குக் கொடுத்த விலை என்றுதான் எனக்குத் தோன்றுகிறது.

கறுப்பினத்தவர் சதவீதம் ஏறியிருக்கிறதே, அவர்கள் குடியேறுகிறார்களா?

இல்லை. 2000இல் சுமார் 62 சதவீதம், 2010இல் சுமார் 70. ஆனால் அந்தச் சதவீதங்களைத் தலையாக மாற்றிப் பாருங்கள்: கறுப்பினத்தவர் ஏறக்குறைய 2,240இலிருந்து 2,000க்கு இறங்கினார்கள். வெள்ளையர் 1,300இலிருந்து 800க்கு. இருவருமே கிளம்புகிறார்கள், ஒருவர் வேகமாக. சதவீதத்தை மட்டும் பார்த்தால் போனவன் வந்தவனாகத் தெரிவான்.

வருமானம்?

2000 கணக்கெடுப்பில் குடும்பங்களை வருமானப்படி வரிசையாக நிறுத்தினால், நடுவில் நிற்பவருக்கு ஆண்டுக்குச் சுமார் 21,600 டாலர். நாட்டளவில் சுமார் 42,000. அதாவது சரிபாதி. மூன்றில் ஒருவர் வறுமைக்கோட்டுக்குக் கீழே.

அதற்குப் பின் வந்த எண்களைப் பார்த்துக் கையாள வேண்டும். இத்தனை சின்ன ஊருக்கு ஐந்தாண்டு மாதிரிகளைச் சேர்த்துத்தான் மதிப்பீடு தருகிறார்கள். பிழை எல்லை அகலமானது, அதாவது உண்மை எண் மதிப்பீட்டிலிருந்து நிறையவே தள்ளி இருக்கலாம். இன்னொன்று, எல்ம்வுட், மக்பிரைட் என்ற அரசுக் குடியிருப்புகளைக் காலி செய்வதாக 2017இல் அறிவித்தார்கள். இப்படி ஏழைகள் வெளியேறினால், மிச்சமிருப்பவர் யாருக்கும் ஒரு டாலர் கூடாமலே நடு வருமானம் ஏறிவிடும்.

1,733 என்பது துல்லியமா, சார்?

ஏறக்குறைய. 2020 கணக்கெடுப்பில், எண்ணை வைத்து யாரையும் அடையாளம் கண்டுவிடக் கூடாது என்று எண்களை வேண்டுமென்றே கொஞ்சம் கலைத்துவிட்டார்கள். மாநில மொத்தம் மட்டும் அசல். ஊர் மொத்தத்தை நம்பலாம். ஒரு தெருவில் இந்த இனத்தில் இந்த வயதில் எத்தனை பேர் என்று கேட்டால், அந்த எண்ணை நான் எடுத்தாள மாட்டேன்.