மறுமணம் செய்தால் பாவத்தில் வாழ்வதாகுமா?

கேள்வி: அன்புள்ள ஆலோசகருக்கு,

எனக்கு 38 வயது. யீஷூனில் அம்மாவோடும் தொடக்கநிலை 5 படிக்கும் மகனோடும் இருக்கிறேன். கணவர் வேறொரு பெண்ணோடு போய்விட்டார். நெடுநாள் காத்திருந்துவிட்டு நான்தான் விவாகரத்துக்கு மனு போட்டேன். இறுதித் தீர்ப்பும் வந்துவிட்டது. இப்போது எங்கள் சபையில் மனைவியை இழந்த ஒருவர் என்னைக் கல்யாணம் செய்துகொள்ளக் கேட்கிறார். நல்ல மனிதர், மகனுக்கும் பிடிக்கும். ஆனால் அம்மா லூக்கா 16:18-ஐக் காட்டி, "தள்ளப்பட்டவளைக் கட்டுகிறவனும் விபசாரம் செய்கிறான்னு போட்டிருக்கே, அவரையும் பாவத்தில் இழுக்கப் போறியா?" என்கிறார். அன்றிலிருந்து ஆராதனையில் திருவிருந்தின் அப்பமும் ரசமும் எடுக்கவே பயமாக இருக்கிறது. நான் செய்தது எல்லாமே தப்போ?

பதில்: அன்புள்ள சகோதரி,

அம்மா காட்டிய வசனம் வேதத்தில் உள்ளதுதான். அதை மறைத்து உங்களைத் தேற்ற மாட்டேன். ஆனால் மத்தேயு 19-ஐயும் சேர்த்துப் படியுங்கள். எந்தக் காரணத்துக்காகவும் மனைவியைத் தள்ளிவிடலாமா என்பதுதான் பரிசேயர் என்ற யூத மதப் பிரிவினர் இயேசுவிடம் கேட்ட கேள்வி. யூதர்களுக்குள் அப்போது இதில் இரண்டு கட்சி. ஷம்மாய் வழியினர் நடத்தைக்கேடு இருந்தால் மட்டுமே என்றார்கள். ஹில்லேல் வழியினர் சாப்பாட்டைக் கருகவிட்டாலே போதும் என்றார்கள்! தள்ளுதற்சீட்டு, அதாவது விவாகரத்துச் சீட்டு, எழுதும் உரிமை புருஷன் கையில், தெருவில் நிற்பது மனைவி. அப்படிக் கேட்டவர்களிடம்தான், தேவன் இணைத்ததை மனுஷன் பிரிக்கக்கூடாது என்றார் இயேசு. வேசித்தனம் என்ற விலக்கையும் 9-ம் வசனத்தில் அவரே சொல்கிறார்.

மாற்குவிலும் லூக்காவிலும் அந்த விலக்கு இல்லை. சபைகள் இன்றுவரை ஒன்றுபடாததற்கு அது ஒரு முக்கியக் காரணம். முதல் திருமணமே செல்லாது என்று தன் தீர்ப்பாயம் சொன்னாலொழிய, துணை உயிரோடிருக்கும்வரை கத்தோலிக்கத் திருச்சபை பொதுவாக மறுமணத்தை ஏற்காது. சீர்திருத்தச் சபைகள் பலவும் விபசாரத்தையும் கைவிடுதலையும் காரணமாக ஏற்கின்றன. கைவிடுதலுக்கு அவர்கள் காட்டுவது 1 கொரிந்தியர் 7:15. அங்கே பவுல் பேசுவது பிரிந்துபோகும் அவிசுவாசியைப் பற்றி என்பதால், அது உங்களுக்குப் பொருந்துமா என்று சிலர் கேட்கலாம். என்னைக் கேட்டால் உங்கள் விஷயத்தில் மத்தேயு 19:9 போதும். மனுவில் இருப்பது உங்கள் கையெழுத்து என்பதால், கல்யாணத்தை முறித்தவர் நீங்கள் ஆகிவிட மாட்டீர்கள்.

சட்டம் தனிக் கணக்கு. சிங்கப்பூரின் திருமண, விவாகரத்துச் சட்டமான மாதர் சாசனத்தின்படி 2024 ஜூலையிலிருந்து யார்மீதும் குற்றம் சுமத்தாமல் இருவரும் ஒத்துக்கொண்டே விவாகரத்து பெறலாம். அதனால் போதகர் தீர்ப்புத் தாளோடு நிற்காமல் என்ன நடந்தது என்று கேட்கக்கூடும். கூச்சப்படாமல் சொல்லுங்கள்.

எனக்கு அதிகம் கவலை தந்தது உங்கள் கடைசி வரி. விட்டுப்போனவரைப் பற்றி ஒரே வாக்கியம் எழுதிவிட்டு, தப்பையெல்லாம் உங்கள் தலையில் போட்டுக்கொள்கிறீர்கள். கைவிடப்பட்டவர்கள் பலர், 'நான் ஒழுங்காக இருந்திருந்தால் அவர் போயிருப்பாரா' என்று தங்களையே குற்றவாளியாக்கிக்கொள்வார்கள். அந்த எண்ணம் ஒரு வசனத்தைப் பிடித்துக்கொண்டால் பார்ப்பதற்கு பக்தி மாதிரியே இருக்கும். போதகர் நாளைக்கே "தாராளமாகச் செய்யலாம்" என்று சொன்னால் உங்கள் மனம் லேசாகுமா, அல்லது வேறொரு வசனத்தைத் தேடுமா? தேடும் என்றால் கல்யாணம் கொஞ்சம் காத்திருக்கட்டும். முதலில் ஓர் ஆலோசகரை நேரில் பார்த்து, கணவர் விட்டுப்போன நாள்களைப் பற்றி மனம்விட்டுப் பேசுங்கள். கேட்டிருப்பவர் நல்ல மனிதர் என்கிறீர்கள், அவரும் காத்திருப்பார்.

அம்மாவோடு வசனத்துக்கு வசனம் வாதாட வேண்டாம். போதகரைப் பார்க்கப் போகும்போது அவரையும் கூட்டிக்கொண்டு போங்கள். அப்புறம் மகன். அங்கிளைப் பிடிக்கும் என்பதும், அவர் நம் வீட்டுக்கே வந்துவிடுவது பிடிக்கும் என்பதும் ஒன்றில்லை. அவர் பக்கத்தில் இல்லாதபோது அவனிடம் நீங்கள் தனியாகக் கேளுங்கள்.