ஒரு கட்டம் ஐந்தடி: மேப் வாங்குமுன் ஸ்கேலை எடுங்கள்

கேள்வி: அண்ணே, டர்பன் ஃபீனிக்ஸிலிருந்து எழுதுகிறேன். மச்சான் பையன்கள் மூன்று பேர், என் மகன், நான் என்று ஐந்து பேர் வெள்ளிக்கிழமை ராத்திரி டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸ் என்கிற சாகசக் கதை விளையாட்டு ஆட ஆரம்பித்திருக்கிறோம். கதை சொல்லி ஆட்டத்தை நடத்துகிற கேம் மாஸ்டர் நான்தான். இதுவரை வாயாலேயே வலப்பக்கம் கதவு, இடப்பக்கம் கிணறு என்று ஓட்டிவிட்டேன், இப்போது பையன்கள் மேப் கேட்கிறார்கள். இணையத்தில் பார்த்தால் வினைல் விரிப்பு, மார்க்கர், மென்பொருள், பேனா செட் என்று தலை சுற்றுகிறது. கையில் 1500 ரேண்ட். மகன் நன்றாகப் படம் போடுவான். எதை வாங்கட்டும்?

பதில்: தம்பி, மகன் படம் போடுவான் என்று கடைசி வரியில் எழுதியிருக்கிறீர்கள், அதை முதல் வரியில் எழுதியிருக்க வேண்டும். பாதிச் செலவு அங்கேயே மிச்சம்.

மேப்பில் இரண்டு சாதி உண்டு. ஒன்று நாடு, மலை, ஆறு, ஊர் எல்லாம் காட்டுவது, அதை ஒருமுறை வரைந்து சுவரில் ஒட்டினால் ஒரு வருஷம் ஓடும். இன்னொன்று சண்டை நடக்கிற அறையைக் காட்டுவது, கதாபாத்திரங்களின் பொம்மைகளை நகர்த்துவது இதன் மேல்தான். இதில் ஒரு கட்டம் ஒரு அங்குலம், அந்த ஒரு அங்குலம் ஆட்டத்தில் ஐந்தடி. நம் ஊர்க் கடையில் கிடைக்கிற ஸ்கேல் எல்லாம் சென்டிமீட்டர்தானே என்று கவலை வேண்டாம், மனித அளவுப் பொம்மையின் அடித்தட்டு பெரும்பாலும் 25 மில்லிமீட்டர்தான், அதனால் இரண்டரை சென்டிமீட்டருக்கு ஒரு கோடு போட்டால் எல்லாம் கச்சிதமாக உட்காரும். ஏ1 தாள் 594-க்கு 841 மில்லிமீட்டர். 23 கட்டத்துக்கு 33 கட்டம் வரும், ஒரு கோயில் மண்டபமும் வாசலும் தாராளமாக அடங்கும்.

அதனால் முதல் மாதம் ஏ1 வெள்ளைத்தாள் நாலைந்து, ஒரு பென்சில், ஒரு தடித்த கறுப்புப் பேனா, அவ்வளவுதான். கிஃப்ட் சுற்றும் காகிதச் சுருளில் சிலவற்றின் பின்பக்கம் வெட்டுவதற்கு வசதியாகக் கட்டம் போட்டிருப்பார்கள், கடையிலேயே கொஞ்சம் பிரித்து அளந்து பாருங்கள், அங்குலக் கட்டமாக இருந்தால் அதைவிட மலிவான மேப் உலகத்தில் இல்லை.

இரண்டு மாதம் கழித்தும் ஆட்டம் நிற்காமல் போனால் அப்போது விரிப்பு வாங்கலாம். இங்கேதான் ஆட்கள் ஏமாறுகிறார்கள். துணிபோல் சுருட்டுகிற வினைல் விரிப்புக்கு ஈரத்துணியால் துடைக்கிற வெட் எரேஸ் மார்க்கர் மட்டும்தான். பள்ளிக்கூட வெள்ளைப்பலகையில் எழுதுகிற டிரை எரேஸ் மார்க்கரை அதில் இழுத்தால் கறை உள்ளே இறங்கிவிடும். மடிக்கிற பளபளப்பு அட்டை வகை வேறு, அதில் இரண்டும் போகும். பெட்டியில் எந்த மார்க்கர் என்று எழுதியிருக்கிறதா பாருங்கள், எழுதவில்லை என்றால் ஓரத்தில் ஒரு புள்ளி வைத்து அடுத்த நாள் துடைத்துப் பாருங்கள்.

சரியான மார்க்கராக இருந்தாலும் சிவப்பை நம்பாதீர்கள். ஒரு ஜனவரியில் டிராகன் குகைக்கு எரிமலைக் குழம்பு வரைந்தேன், வெட் எரேஸ் சிவப்புதான். அப்புறம் தைப்பூசக் காவடி விரதம், ஆட்டம் இல்லை, விரிப்பைச் சுருட்டி அலமாரி மேல் போட்டுவிட்டேன். மூன்று வாரம் டர்பன் புழுக்கத்தில் கிடந்தது. இன்றைக்கும் என் விரிப்பில் குறுக்கே ஒரு ரோஸ் நிற ஆறு ஓடுகிறது, எந்தக் கோட்டைக்குள் போனாலும் பையன்கள் "மாமா, அந்த ஆறு இங்கேயும் வந்துவிட்டதா" என்கிறார்கள். அதே புழுக்கத்துக்கு இன்னொரு குணம், வெட் எரேஸ் மை வியர்வைக் கைக்கும் அழியும். மேப்பின் மேல் முழங்கையை ஊன்றுகிற பையன் ஒருவன் எந்த வீட்டிலும் இருப்பான். வெள்ளிக்கிழமை என்பதால் மட்டன் இல்லாவிட்டாலும் ரொட்டியைக் குடைந்து குழம்பு ஊற்றிய பீன்ஸ் பன்னி சாவ் மேசைக்கு வரும், அந்தக் குழம்பு தாளில் சிந்தினால் போச்சு. பிடித்த மேப்பை மட்டும் லேமினேட் செய்துகொள்ளுங்கள்.

வெளிநாட்டிலிருந்து விரிப்பு வரவழைத்தால் பொருள் விலையை மட்டும் பார்த்து முடிவு செய்யாதீர்கள். 1000 ரேண்ட் பொருளுக்கு முதலில் பத்து சதவீதம் கூட்டி, சுங்க வரி இருந்தால் அதையும் கூட்டி, அந்த மொத்தத்துக்கு 15 சதவீத வாட். ஆக வாட் மட்டுமே 165 ரேண்ட், அதற்கு மேல் கூரியர்காரரின் கிளியரிங் கட்டணம்.

மென்பொருளா? உங்களுக்கு இப்போது வேண்டாம். மகனுக்குக் கம்ப்யூட்டரில் வரைய ஆசை வந்தால் நாட்டு மேப்புக்கு வொண்டர்டிராஃப்ட், அறை மேப்புக்கு டன்ஜன்டிராஃப்ட், இரண்டும் ஒருமுறை பணம் கட்டுவது. இன்கார்னேட் பிரவுசரிலேயே ஓடும், இலவச வகை உண்டு, முழு வகைக்குச் சந்தா. டன்ஜன் ஸ்க்ரால் இலவசம், கறுப்பு வெள்ளைக் குகை வரைய அது போதும். பெயரை மாற்றிப் போட்டு வாங்கி, நாட்டு மேப் மென்பொருளில் சமையலறை வரைய முயல்கிறவர்களை நான் பார்த்திருக்கிறேன்.

கேள்வி: டோங்காட்டிலிருந்து. மகனின் பிறந்தநாளுக்காக ஒரு வெளிநாட்டுத் தளத்தில் மேப் கோப்புகள் வாங்கி, பிரிண்ட் கடையில் ஏ1 போட்டேன். மங்கலாக இருக்கிறது, கட்டமும் சிறிசு, பொம்மைகள் கோட்டைத் தாண்டி நிற்கின்றன. விற்றவர் டவுன்லோட் செய்தால் பணம் திரும்பாது என்கிறார், பிரிண்ட் கடைக்காரர் கோப்பு சரியில்லை என்கிறார். யாரைப் பிடிக்க?

பதில்: அக்கா, இது இரண்டு தனித்தனிக் கோளாறு. மங்கல் கோப்பின் கோளாறு. திரையில் ஆடுவதற்கு விற்கிற மேப்பில் ஒரு கட்டத்துக்கு 70 பிக்சல்தான் வைப்பார்கள், ரோல்20 தளத்தின் வழக்கமான அளவு அது. திரையில் நன்றாகத் தெரியும், தாளில் ஒரு அங்குலத்துக்கு 70 புள்ளி என்றால் கஞ்சி மாதிரிதான் இருக்கும். தாளுக்குக் குறைந்தது 150, நல்லது 300. கோப்பின் அகலம் எத்தனை பிக்சல் என்று பார்த்துக் கட்ட எண்ணிக்கையால் வகுங்கள், 2100 பிக்சலில் 30 கட்டம் இருந்தால் அது அச்சுக்கு ஆகாது. விற்பனைப் பக்கத்தில் அச்சுக்கு ஏற்றது என்று எழுதியிருந்ததா? இருந்தால் படம் பிடித்து வைத்துக்கொண்டு பணத்தைக் கேளுங்கள், நமது தென்னாப்பிரிக்காவின் 2008 நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்தில் கோப்பும் பொருள்தான், டவுன்லோட் செய்தாயிற்று என்பது பதில் இல்லை. ஆனால் விற்றவர் வெளிநாட்டில் இருக்கிறார், சட்டம் கையில் இருந்தாலும் ஆளைப் பிடிப்பது கஷ்டம். திரைக்கு மட்டும் என்று எழுதியிருந்தால் தவறு நம்முடையது.

கட்டம் சிறுத்தது பிரிண்டில். தாளுக்குள் அடக்கு என்ற செட்டிங்கை அழுத்தியிருப்பார்கள். நீங்கள் 100 சதவீதம் என்று எழுதிக் கொடுத்திருந்தால் கடைக்காரர் மறுபடி போட்டுத்தர வேண்டும், வாயால்கூடச் சொல்லவில்லை என்றால் பாதி விலைக்குக் கேட்டுப் பாருங்கள். அடுத்த முறை ஒரு மூலையை மட்டும் ஏ4-இல் போடச் சொல்லி, ஸ்கேலை வைத்து அளந்துவிட்டு அப்புறம் ஏ1-க்குப் போங்கள்.

கேள்வி: சாட்ஸ்வொர்த். வாட்ஸ்அப்பில் பேசி ஒரு ஓவியரிடம் என் கற்பனை நாட்டுக்கு மேப் வரையச் சொன்னேன், 1200 ரேண்ட் முன்பணம் கொடுத்து இரண்டு மாதம். "அடுத்த வாரம் அண்ணே" என்கிறார். மேப் வந்ததும் என் சாகசக் கதைப் புத்தகத்தில் போட்டு விற்க எண்ணம்.

பதில்: தேதி எதுவும் பேசவில்லை என்றால் இணையவழி ஆர்டருக்கு 30 நாள்தான் கெடு. அது தாண்டிவிட்டதால் ஏழு நாள் எழுத்துமூல அறிவிப்பு கொடுத்து ரத்து செய்யலாம், 2002 மின்னணுத் தொடர்புச் சட்டம் அதற்கு வழி விடுகிறது. பணம் வரவில்லை என்றால் 14 நாள் கெடு வைத்து ஒரு கோரிக்கைக் கடிதம், அப்புறம் சிறு உரிமைக் கோர்ட். 20,000 ரேண்ட் வரை அங்கே கேட்கலாம், வக்கீல் வேண்டாம், வைக்கவும் விடமாட்டார்கள். வாட்ஸ்அப் உரையாடலை அழித்துவிடாதீர்கள்.

ஒருவேளை ஆள் மனம் மாறி வரைந்து கொடுத்தால், விற்பனைக்குமுன் ஒன்று. காசு கொடுத்தவருக்கே உரிமை என்று எல்லாரும் நினைக்கிறார்கள். இங்கே 1978 பதிப்புரிமைச் சட்டப்படி காசு கொடுத்து வரையச் சொன்ன உருவப்படத்துக்கு அது சரி, கற்பனை நாட்டு மேப்புக்கு இல்லை. உரிமை வரைந்தவரிடமே இருக்கும், அவர் கையெழுத்திட்டு எழுதிக் கொடுத்தால்தான் உங்களுக்கு மாறும். மீதிப் பணத்தைக் கொடுக்குமுன் அந்தக் காகிதத்தை வாங்குங்கள். கூடவே ஊர்ப் பெயர் இல்லாத ஒரு பிரதியும், ரகசிய வழிகள் இல்லாத ஒரு பிரதியும் கேளுங்கள். ரகசியக் கதவு போட்ட மேப்பை ஆட்டக்காரர் கையில் கொடுத்தால் என்ன ஆட்டம் அது?

கேள்வி: லெனேஷியா. மகளுக்குப் பதினொரு வயது, மேப் வரைய விலையுயர்ந்த பேனா செட் கேட்கிறாள். வாங்கலாமா?

பதில்: செட் வேண்டாம் அம்மா. சகுரா பிக்மா மைக்ரான் பேனா தனியாகவும் கிடைக்கும், 01 ஒன்று, 05 ஒன்று. மெல்லியது மரத்துக்கும் அலைக்கும், தடித்தது கரைக்கும் ஆற்றுக்கும். மை காய்ந்தபின் மேலே வாட்டர்கலர் தடவினாலும் ஓடாது. சொரசொரப்பான வாட்டர்கலர் தாளில் மட்டும் அழுத்த விடாதீர்கள், நுனி உள்ளே போய்விடும், வழவழப்பான தாள் வாங்குங்கள். பேனாவில் மிச்சமாகும் பணத்தில் டிராக்கன்ஸ்பெர்க் பக்கம் ஒரு நாள் கூட்டிப் போங்கள், பெயரே டிராகன் மலைதான். காலை வெயிலில் ஒரு பக்கம் வெளிச்சம், மறுபக்கம் இருட்டு, அந்த இருட்டுப் பக்கத்தில் மட்டும் கோடு போட்டால் தாளில் மலை எழுந்து நிற்கும். துகேலா ஆறு எங்கே விழுகிறது, கடல்வரை எந்தெந்த ஆறு அதில் வந்து சேர்கிறது என்றும் காட்டுங்கள். இந்த வயதுப் பிள்ளைகள் ஆற்றைக் கடலுக்குப் போகப் போக மரக்கிளை மாதிரி தப்பாகப் பிரித்து வரைவார்கள்.