158 வேண்டாம், 153 போதும்

கேள்வி: ஸ்காபரோவில் இருக்கிறேன், வயது 22. இரண்டு வின்டராக வாடகை ஸ்னோபோர்டில் ஓடிப் பழகிவிட்டேன், சாதாரணச் சரிவுகளில் பயமில்லை. இந்த முறை சொந்தமாக ஒன்று வாங்கி, ஸ்னோபோர்டு பார்க்கில் ரெயில் (மேலேறிச் சறுக்கும் இரும்புக் குழாய்), பாக்ஸ் (அதுபோலவே சறுக்கும் அகலமான பெட்டி) எல்லாம் பழக ஆசை. எடை 72 கிலோ, உயரம் 5 அடி 9 அங்குலம், பூட் அளவு பத்தரை. கடையில் 158 செ.மீ. போர்டு ஒன்றைக் காட்டி, 700 டாலர், பல வருஷம் உழைக்கும் என்றார்கள். நண்பனோ வாழைப்பழம் மாதிரி வளைந்த, மெத்தென்ற போர்டுதான் ரெயிலுக்குச் சரி என்கிறான். எதை எடுப்பது?

பதில்: இரண்டையும் எடுக்க வேண்டாம், தம்பி.

கடைக்காரர் காட்டியது நல்ல போர்டாகவே இருக்கலாம். ஆனால் ரெயிலில் ஓடும் போர்டு செருப்பு மாதிரி. தேயும் என்று தெரிந்துதான் வாங்குகிறோம். இரும்புக் குழாயின் மேல் அதைக் குறுக்காகப் போட்டுச் சறுக்குகிறீர்கள், ஏறும்போது தப்பினால் எட்ஜ், அதாவது போர்டின் ஓரத்து இரும்புப் பட்டி, நேராகப் போய் இரும்பில் இடிக்கிறது. இரண்டு கால்களுக்கும் நடுவில் உள்ள எட்ஜில்தான் முதல் வெடிப்பு வரும். அதற்குப் பெரும்பாலும் உத்தரவாதமும் கிடையாது. 700 டாலர் போர்டும் அப்படித்தான் வெடிக்கும், 400 டாலர் போர்டும் அப்படித்தான்.

நீளத்துக்கு வருவோம். போர்டை நிறுத்தி, தாடைக்கு வருகிறதா மூக்குக்கு வருகிறதா என்று பார்ப்பது பழைய வழக்கம். போர்டை வளைப்பது உங்கள் உயரம் அல்ல, எடை. 72 கிலோவுக்கு மலை முழுக்க ஓடும் போர்டு என்றால் 156 பக்கம் வரும். பார்க்குக்கு அதில் இரண்டு முதல் நான்கு செ.மீ. குறைத்து 152 முதல் 154 வரை பாருங்கள். ரெயிலில் ஏறும் கணத்தில் போர்டைக் குறுக்காகத் திருப்ப வேண்டும், நுனிகள் நீண்டிருந்தால் அந்தத் திருப்பம் பிந்தும். அதற்காக 148க்கு இறங்கிவிடாதீர்கள். ரெயிலில் சுகமாக இருக்கும், அடுத்த ஜம்ப்பில் இறங்கும்போது கால் தடுமாறும்.

இனி வளைவு. உங்கள் நண்பன் சொல்வதில் பாதி சரி. போர்டைக் கடைத் தரையில் வையுங்கள். நடுப்பகுதி வில் போலத் தரையை விட்டு எழும்பி நின்றால் அது கேம்பர். நடு தரையைத் தொட்டு, நுனிகள் இரண்டும் மேலே போனால் ராக்கர். 2000களின் நடுப்பகுதியில் லிப் டெக் நிறுவனத்தின் ஸ்கேட் பனானா வந்த பிறகு ரெயில்காரர்கள் பலர் ராக்கருக்கு மாறினார்கள். காரணம் எளிது. நுனிப் பக்கத்து எட்ஜ் தூக்கி நிற்பதால் எதிலும் சிக்காது, சின்னப் பிழைகளை மன்னிக்கும்.

ஆனால் நீங்கள் ஓடப்போவது ஒன்ராறியோவில். ப்ளூ மவுண்டன் சறுக்குமலையை எடுத்துக்கொண்டாலும் உச்சியிலிருந்து அடிவரை 220 மீட்டர்தான், பனியில் பெரும்பகுதி இயந்திரம் ஊதியது. முதல் நாள் மழை பெய்து இரவு உறைந்தால், காலையில் சரிவு கண்ணாடி மாதிரி இருக்கும். அதில் முழு ராக்கர் நீந்தும். ரெயிலில் ஏறுவதற்கு முன் நான்கைந்து மீட்டர் தூரம் நேராக, ஆடாமல் வர வேண்டுமே, அங்கேயே கோட்டை விட்டுவிடுவீர்கள். ஸ்கேட் பனானாவிலேயே எட்ஜை ரம்பப் பல் போல அலை அலையாக வைத்திருந்ததை நினைத்துப் பாருங்கள். வளைவால் போன பிடியை வேறு வழியில் மீட்கத்தான் அது. சந்தேகம் இருந்தால் நண்பனின் போர்டை ஒருநாள் இரவல் வாங்கி, வெயில் ஏறுவதற்கு முன்னால் ஓடிப் பாருங்கள். முழுக் கேம்பருக்கு நல்ல துள்ளல் உண்டு, ஆனால் பழகுபவரை அது மன்னிக்காது. என் தேர்வு, கால்களுக்குக் கீழே கேம்பரும் நுனிகளில் கொஞ்சம் ராக்கரும் கலந்த ஹைபிரிட். அது கிடைக்காவிட்டால் தட்டையான போர்டு.

வடிவம் ட்ரூ ட்வின், அதாவது முன்னும் பின்னும் ஒரே அச்சு. ரெயிலிலிருந்து பாதி நேரம் பின்பக்கமாகத்தான் இறங்குவீர்கள், அதனால் இதில் பேரம் இல்லை.

விறைப்புக்கு நிறுவனங்கள் பத்துக்கு இத்தனை என்று எண் போடும். 3 அல்லது 4 பாருங்கள். ஒரு நிறுவனத்தின் 4 இன்னொன்றின் 5ஆக இருக்கும் என்பதால் கையையும் நம்புங்கள். போர்டின் வாலைத் தரையில் ஊன்றி, நுனியை ஒரு கையால் பிடித்து, நடுவில் மற்றக் கையால் அழுத்துங்கள். கடை ஊழியர் முறைத்தாலும் பரவாயில்லை. உடம்பின் எடையெல்லாம் போட்டும் அசையவில்லை என்றால், ரெயிலின் மேல் நுனியில் சாய்ந்து பிரெஸ் செய்வது 72 கிலோவால் ஆகாது.

பலர் கவனிக்காமல் விடுவது அகலம். பத்தரை பூட் என்றால் பாதம் 28.5 செ.மீ., பூட்டோடு இன்னும் நீளும். போர்டின் இடுப்பு, அதாவது நடுவில் குறுகும் இடம், 25 செ.மீ. என்றால் விரலும் குதிகாலும் வெளியே நீட்டிக்கொண்டு பனியில் உரசும். 25.5 முதல் 26 வரை தேடுங்கள். சில மாடல்களில் சாதாரணத்துக்கும் வைடுக்கும் நடுவில் மிட்-வைடு என்று ஒன்று இருக்கும், உங்களுக்கு அதுதான். ரெயிலில் கொஞ்சம் அகலம் கூடினால் நிற்க இடம் கிடைக்கிறது, நஷ்டமில்லை.

பேஸ், அதாவது போர்டின் அடிப்பக்கம், இரண்டு வகை. சின்டர்டு வேகமானது, மெழுகை நன்றாக உறிஞ்சும், அடிக்கடி மெழுகு கேட்கும், விலையும் கூட. எக்ஸ்ட்ரூடட் மலிவு, மெழுகில்லாமலும் ஓடும், கீறல் விழுந்தால் பி-டெக்ஸ் என்ற பிளாஸ்டிக் குச்சியை உருக்கி வீட்டிலேயே அடைத்துவிடலாம். கீறல் விழத்தான் போகிறது, எக்ஸ்ட்ரூடட் எடுங்கள்.

புது போர்டை அப்படியே ரெயிலுக்குக் கொண்டு போகாதீர்கள். தொழிற்சாலையிலிருந்து வரும் எட்ஜில் நகத்தைக் குறுக்கே இழுத்தால் சீவல் வரும், அவ்வளவு கூர். கால்களுக்கு நடுவே உள்ள பகுதியிலும், நுனிகள் தரையைத் தொடும் இடங்களிலும் அரத்தை 45 பாகையில் சாய்த்து மெல்ல ஓட்டி, நகம் வழுக்கிப் போகும்வரை மழுக்குங்கள். கால்களுக்குக் கீழே கொஞ்சம் கூர் இருக்கட்டும், காலை ஐஸுக்கு அது வேண்டும். ஒரேயடியாகத் தேய்க்காதீர்கள். மழுக்கியதைக் கூராக்க எட்ஜில் இரும்பு கொஞ்சம்தான் இருக்கிறது.

400 டாலர் போர்டு எடுத்தால் மிச்சமாகும் 300 டாலரைத் தலைக்கவசத்துக்கும் காலுக்கு இறுகப் பொருந்தும் பூட்டுக்கும் போடுங்கள். பூட்டைப் போர்டோடு பிணைக்கும் பைண்டிங் மிருதுவாகவோ நடுத்தரமாகவோ இருக்கட்டும், போர்டின் ஓட்டைகளுக்குப் பொருந்துமா என்று கேட்டு வாங்குங்கள். சில போர்டுகளில் ஓட்டைக்குப் பதில் நீளக் காடிதான் இருக்கும். போர்டின் நடுவிலிருந்து இரண்டு காலும் ஒரே தூரத்தில், முன்கால் 15 பாகை வெளிநோக்கி, பின்கால் 12 முதல் 15 பாகை எதிர்ப்பக்கம். ஆரம்பத்துக்கு இது போதும்.

அப்புறம், ஒன்ராறியோ மலை சின்னது என்று கவலை வேண்டாம். 2014, 2018, 2022 என மூன்று ஒலிம்பிக்கில் ஸ்லோப்ஸ்டைல் (ரெயிலும் ஜம்ப்பும் கலந்த போட்டி) வெண்கலம் வாங்கிய கனடியர் மார்க் மெக்மோரிஸ், ரெஜைனா என்ற தட்டைச் சமவெளி ஊர்க்காரர்.

அவசரமில்லை என்றால் மார்ச் முடிவு வரை பொறுங்கள், அந்த வருஷத்து மாடல்கள் விலை இறங்கும். பழைய போர்டு கிடைத்தாலும் வாங்கலாம். ஆனால் காசு கொடுப்பதற்கு முன், கால்களுக்கு நடுவிலுள்ள எட்ஜ் முழுவதும் நகத்தை நீளவாக்கில் ஓட்டிப் பாருங்கள். எங்காவது நகம் தட்டி நின்றால் உற்றுப் பாருங்கள். வெறும் பிசிறு என்றால் அரம் போதும், குறுக்கே முடி போல ஒரு கோடு தெரிந்தால் போர்டைத் திருப்பிக் கொடுத்துவிடுங்கள்.