முதலில் ஆய்வேட்டைப் படியுங்கள்

அன்புள்ள சகோதரிக்கு,

உங்கள் மகள் நைஜீரியப் பெண்களின் 'நிர்வாணப் போராட்டம்' பற்றி முதுகலை ஆய்வேடு எழுதுகிறாள் என்றும், வரன் பார்க்கும் நேரத்தில் இது வெளியே தெரிந்தால் குடும்ப மானம் போய்விடும் என்றும், தலைப்பை மாற்ற அவளை எப்படிச் சம்மதிக்க வைப்பது என்றும் கேட்டிருக்கிறீர்கள். அத்தனை நீளக் கடிதத்தில், போகிற போக்கில் நீங்கள் எழுதிய ஒரு வரிதான் என்னை உறுத்துகிறது: "கூச்சமாக இருப்பதால் அதில் ஒரு பக்கம்கூட நான் படிக்கவில்லை."

படிக்காத ஒன்றுக்காக எப்படி வெட்கப்படுகிறீர்கள்? படித்திருந்தால், 2002 ஜூலையில் செவ்ரான் டெக்சகோ என்ற அமெரிக்க எண்ணெய் நிறுவனம் நைஜீரியாவின் எஸ்க்ராவோஸில் நடத்திய ஏற்றுமதி முனையத்துக்குள் புகுந்த அந்தப் பெண்கள், ஆடையைக் களைவோம் என்று எச்சரித்தார்களே தவிர, களையவில்லை என்பது உங்களுக்குத் தெரிந்திருக்கும். கைக்குழந்தைக்காரிகளும் தள்ளாத கிழவிகளுமாக வந்தவர்கள், ஆயுதம் எதுவுமின்றி, விமான ஓடுதளத்தையும் ஹெலிகாப்டர் தளத்தையும் படகுத்துறையையும் மறித்துச் சுமார் பத்து நாள் உட்கார்ந்திருந்தார்கள். ஏறத்தாழ 700 ஊழியர்கள் உள்ளே சிக்கிக்கொண்டார்கள். தாய் வயதுள்ள பெண் தானாக முன்வந்து உடலைத் திறந்து காட்டினால், காண்கிற ஆணுக்கு அது சாபம் என்பது அந்த மண்ணின் நம்பிக்கை. தன்னைப் பெற்ற உடலையே அவன் இழிவுபடுத்தியவனாகிறான். அந்த எச்சரிக்கைக்கு அவ்வளவு வலு இருந்தது அதனால்தான்.

அவர்கள் கேட்டது என்ன? பிள்ளைகளுக்கு வேலை, பள்ளிக்கூடம், குடிநீர், மின்சாரம். எண்ணெய் கப்பலேறிப் போகும் இடத்துக்கு அருகிலேயே அவர்கள் ஊர்கள் இருளில் கிடந்தன. கடைசியில் ஐந்தாண்டுகளில் குறைந்தது 25 உள்ளூர்க்காரர்களுக்கு வேலை தரவும், பள்ளியும் நீர், மின் வசதியும் அமைத்துக் கொடுக்கவும் நிறுவனம் ஒப்புக்கொண்டது. பிள்ளைகளின் பிழைப்புக்காகத் தாய்மார் நடத்திய போராட்டம் இது. ஒரு தாயாகிய நீங்கள் இதைக் குடும்பத்துக்கு இழுக்கு என்கிறீர்கள்.

மகளை நல்ல இடத்தில் கட்டிக்கொடுப்பது பெற்றோரின் கடமைதான், நான் மறுக்கவில்லை. ஆனால், அவள் இராப்பகலாக எதில் உழைக்கிறாள் என்று அறிந்துகொள்வது அதற்கும் முந்திய கடமை, அதில் நீங்கள் தவறியிருக்கிறீர்கள். தாயே படிக்கக் கூசும் எழுத்து என்று தன் உழைப்பைப் பற்றி அந்தப் பெண் நினைத்துக்கொண்டிருப்பாளே, அது உங்களுக்கு வலிக்கவில்லையா?

தலைப்பை மாற்ற நான் வழி சொல்லப்போவதில்லை. இந்த வாரமே அவளிடம் கேட்டு வாங்கிப் படியுங்கள். புரியாத இடங்களை அவளையே விளக்கச் சொல்லுங்கள். பெண் பார்க்க வருகிறவர்கள் படிப்பைப் பற்றி விசாரித்தால், அவளை முந்திக்கொண்டு நீங்களே விவரமாகச் சொல்லுங்கள். அதைக் கேட்டு முகம் சுளிக்கும் வீட்டில் பெண் கொடுக்காதீர்கள்.