'திஃபேன்' என்ற பிரெஞ்சுப் பெயருக்கு என்ன அர்த்தம்? அது 'ஸ்டெஃபனி'யின் சுருக்கமா, 'டிஃபனி'யும் அதுவும் ஒன்றா?

ஸ்டெஃபனியோடு உறவே கிடையாது. ஸ்டெஃபனி, மகுடம் என்று பொருள்படும் 'ஸ்டெஃபனோஸ்' என்ற கிரேக்கச் சொல்லிலிருந்து வந்தது. டிஃபனி மட்டும் கூடப்பிறந்த அக்கா தங்கை மாதிரி: ஒரே வேர், வளர்ந்த வீடுதான் வேறு.

எனக்குப் பிரெஞ்சு சொல்லிக் கொடுத்தவர் பெயர் திஃபேன். பிரான்சின் பிரித்தானி பகுதிக்காரர். பெயருக்கு அர்த்தம் கேட்டபோது, "நான் பிறந்தது ஜனவரி 6" என்றார். பதில் அவ்வளவுதான். எனக்கு அது புரியச் சில நிமிடங்கள் ஆயின.

ஜனவரி 6, கிழக்கிலிருந்து வந்த ஞானிகள் குழந்தை இயேசுவைக் கண்டு வணங்கிய நாள். எங்கள் வீட்டில் அதை மூன்று ராஜாக்கள் திருநாள் என்போம். கோயில் நாட்காட்டியில் 'ஆண்டவரின் திருக்காட்சிப் பெருவிழா' என்று அச்சிட்டிருப்பார்கள். கிரேக்கத்தில் 'தெயோஸ்' என்றால் கடவுள், 'ஃபைனோ' என்றால் காட்டு, தோன்று. இரண்டும் சேர்ந்து தெயோஃபானியா, அதாவது கடவுள் காட்சி தருவது. 'திருக்காட்சி' என்ற நம் சொல்லும் அதையேதான் சொல்கிறது. சின்ன வயதிலிருந்து காதில் விழுந்த சொல் ஒரு பிரெஞ்சுப் பெண்ணின் பெயராக எதிரே உட்கார்ந்திருந்ததை இன்றும் சந்தோஷமாக நினைத்துக்கொள்கிறேன்.

தெயோஃபானியா லத்தீன் வழியாகப் பிரெஞ்சு நாவில் உருண்டு தேய்ந்து 'திஃபேன்' ஆனது. பழைய பிரெஞ்சில் அந்தத் திருநாளுக்கே இதுதான் பெயர். அன்று பிறந்த பெண் குழந்தைக்கு அதையே வைத்தார்கள். கிறிஸ்துமஸுக்கு நோயல், ஈஸ்டருக்குப் பாஸ்கல், புனிதர் அனைவர் விழாவுக்குத் தூசேன் என்று பிரெஞ்சில் இப்படித் திருநாள் பெயர்கள் நிறைய உண்டு. அந்த வரிசையில் எனக்கு மிகவும் பிடித்தது திஃபேன்தான்.

இங்கிலாந்துக்குப் போன வடிவம் டிஃபனி. அது குடும்பப் பெயராகவும் நிலைத்தது. நியூயார்க் நகைக்கடையின் பெயர் அதை நிறுவிய சார்லஸ் லூயிஸ் டிஃபனியின் குடும்பப் பெயர்தான். அதனால் டிஃபனி என்றால் நவீனமான பெயர் என்று தோன்றும். உண்மையில் இடைக்காலத்துப் பெயர்.

பிரான்சில் இந்தப் பெயரைச் சொன்னால் வரலாறு தெரிந்தவர்களுக்கு நினைவு வருபவர் திஃபேன் ரக்னெல். 14-ஆம் நூற்றாண்டு, தினான் ஊர்க்காரர். நட்சத்திரங்களைப் பார்த்துப் பலன் சொல்வதில் பேர் வாங்கியவர். 1370-இல் பிரான்சின் தலைமைப் படைத்தளபதியான பெர்த்ரான் த்யு கெக்லானின் மனைவி. மோன் சேன் மிஷேல் தீவில் கணவர் அவருக்காகக் கட்டியதாகச் சொல்லப்படும் வீட்டை இன்றும் போய்ப் பார்க்கலாம்.

அப்புறம், உச்சரிப்பு. எழுத்தைப் பார்த்து 'டிஃபைன்' என்று கூப்பிடாதீர்கள். 'தி' மென்மையாக, 'ஃபேன்' குறுகி, கிட்டத்தட்ட 'ஃபென்' போல ஒலிக்க வேண்டும். இப்போது ஓசை பிடித்துப்போய் எந்த மாதத்தில் பிறந்த பெண்ணுக்கும் இதை வைக்கிறார்கள். ஆனால் பிறந்தநாள் எதுவானாலும் திஃபேன்களின் பெயர்த் திருநாள், அதாவது அந்தப் பெயருள்ளவர்களை வாழ்த்தும் நாள், ஜனவரி 6-தான். அந்தப் பெயரில் தோழி இருந்தால் அன்று காலை "போன் ஃபெத், திஃபேன்" (இனிய திருநாள் வாழ்த்துகள், திஃபேன்) என்று சொல்லிப் பாருங்கள்.