மறதியை அளக்கும் தாள்: வாசகர் கேள்வி – பதில்

கேள்வி: கடலூர் சுற்றுவட்டாரக் கிராமங்களில் 60 வயது தாண்டியவர்களிடம் எம்.எம்.எஸ்.இ. (மினி மென்டல் ஸ்டேட் எக்ஸாமினேஷன்) என்ற மனநிலைச் சோதனைத் தாளை வைத்து மறதி நோய் ஆய்வு செய்கிறோம். 24-க்குக் கீழ் வந்தால் டிமென்ஷியா என்று கொண்டால், பள்ளிக்கூடமே போகாத பாட்டிகளில் பலர் நோயாளிப் பட்டியலில் வந்துவிடுகிறார்கள். தமிழாக்கம் நன்றாகத்தான் இருக்கிறது. கோளாறு எங்கே?
– முதுகலை செவிலியர் மாணவி, திருப்பாதிரிப்புலியூர்

பதில்: பாட்டிகளிடம் கோளாறு இல்லை, தாளில்தான். 1975-ல் ஃபோல்ஸ்டீன் குழுவினர் அமெரிக்காவில் உருவாக்கிய இதில் மொத்தம் 30 மதிப்பெண். நூறிலிருந்து ஏழேழாகக் கழிப்பதற்கு 5, எழுதியிருப்பதைப் படித்து அதன்படி செய்ய 1, ஒரு வாக்கியம் எழுத 1, ஐங்கோணப் படம் வரைய 1. பென்சிலே பிடித்திராத ஒருவர் இந்த 8-ஐயும் விட்டுவிட்டு மற்ற எல்லாவற்றுக்கும் சரியாகப் பதில் சொன்னாலும் 22-தான். நினைவாற்றலில் ஒரு குறையும் இல்லாமலே அவர் 'நோயாளி' ஆகிவிடுகிறார்.

ஹரியானாவின் பல்லப்கரில் ஆய்வு நடத்திய கங்குலி குழுவினர் இதற்காகவே 1995-ல் இந்தி வடிவத்தை வெளியிட்டார்கள். 'கண்ணை மூடு' என்று எழுதிக் காட்டுவதற்குப் பதிலாக, சோதிப்பவர் தாமே கண்ணை மூடிக்காட்டி அதேபோல் செய்யச் சொல்வார். வளரும் நாடுகளில் டிமென்ஷியாவை ஆராயும் 10/66 என்ற பன்னாட்டுக் குழுவினரும் சென்னையிலும் வேலூரிலும் தமிழ் பேசும் முதியவர்களிடம் ஆய்வு செய்திருக்கிறார்கள். அவர்கள் முதியவரைச் சோதிப்பதோடு வீட்டாரிடமும் கேட்பார்கள். புதிதாகத் தொடங்குமுன் இவற்றைப் பாருங்கள். எம்.எம்.எஸ்.இ.க்கு உரிமதாரரின் அனுமதி வேண்டும் என்பதையும் மறக்காதீர்கள்.

களத்துக்குப் போகுமுன் மதிப்பெண் விதிகளை எழுதி வையுங்கள். தேதி கேட்டால் 'ஐப்பசி பத்து' என்பார்கள். அன்று பத்துதான் என்றால் மதிப்பெண் கொடுப்பதே நியாயம். புதுச்சேரியைச் சேர்ந்த பாகூர்ப் பக்கம் 'எந்த மாநிலம்' என்று கேட்டால் 'தமிழ்நாடு' என்று சொல்பவரும் இருப்பார். எல்லைக் கிராமத்தில் அது மறதி ஆகாது. சோதிப்பவர் ஒவ்வொருவரும் தம் மனம்போல் மதிப்பெண் போட்டால் பின்னால் எந்தக் கணக்காலும் சரிசெய்ய முடியாது. அன்றாட வேலைகளைப் பற்றிக் கேட்கும்போதும் கவனம் தேவை: வாழ்நாளில் அடுப்படிக்கே போகாத தாத்தாவிடம் 'சமைக்க முடிகிறதா' என்பது வீண் கேள்வி. ரேஷன் கடைக்குப் போய்ச் சரியாகச் சில்லறை வாங்கி வருகிறாரா என்று மகளிடமோ மருமகளிடமோ கேளுங்கள். கண்ணாடியும் காதுகேள் கருவியும் போட்டிருக்கிறாரா என்பதை முதலிலேயே பார்த்துக்கொள்ளுங்கள்.

பிறகுதான் கட்-ஆஃப், அதாவது நோய் உண்டு, இல்லை என்று பிரிக்கும் எல்லை மதிப்பெண். மனநல மருத்துவரோ நரம்பியல் மருத்துவரோ தனியாகப் பரிசோதித்துச் சொல்லும் முடிவோடு உங்கள் மதிப்பெண்ணை ஒப்பிடுங்கள். அந்த மதிப்பெண் மருத்துவருக்குத் தெரியவே கூடாது. தெரிந்தால் தாள் தன்னையே சரி என்று சொல்லிக்கொள்ளும். மனச்சோர்வு, தைராய்டு, பி12 குறைவு ஆகியவற்றாலும் மறதி வரும் என்பதால் அவற்றையும் அவர் பார்க்க வேண்டும். படித்தவர்க்கும் படிக்காதவர்க்கும் கட்-ஆஃப்பைத் தனித்தனியே கணக்கிடுங்கள்.

கேள்வி: எங்கள் மனச்சோர்வு வினாப்பட்டியலுக்கு க்ரான்பாக் ஆல்ஃபா 0.93 வந்திருக்கிறது. இது போதாதா?
– ஆய்வு மாணவர், லாஸ்பேட்டை

பதில்: போதாது. கேள்விகள் ஒன்றோடொன்று ஒத்துப்போகின்றன என்பதை மட்டும்தான் ஆல்ஃபா காட்டும். அளப்பது மனச்சோர்வையா களைப்பையா என்று காட்டாது. கேள்விகளின் எண்ணிக்கை கூடினாலே ஆல்ஃபாவும் ஏறும். 0.9-ஐத் தாண்டினால் ஒரே கேள்வியை வேறு வேறு சொற்களில் கேட்டிருக்கிறீர்களா என்று பாருங்கள். இரண்டு வாரம் கழித்து அதே ஆட்களிடம் மறுபடி கேளுங்கள். மறுநாளே கேட்டால் முன்பு சொன்ன பதில் நினைவிலிருக்கும், மாதக்கணக்கில் தள்ளிப்போட்டால் நோயே மாறியிருக்கும்.

கேள்வி: மருத்துவமனையில் நன்றாக வேலை செய்த கட்-ஆஃப் கிராமத்தில் ஏன் சொதப்புகிறது?
– களப்பணியாளர், பண்ருட்டி

பதில்: ஒரு கணக்குப் போட்டுப் பார்ப்போம். தாள் நோயாளிகளில் 90 சதவீதத்தினரையும், நோயற்றவர்களில் 80 சதவீதத்தினரையும் சரியாக இனங்காண்கிறது என்று வைத்துக்கொள்வோம். மறதி கிளினிக்கில் 1,000 பேரில் 500 பேர் நோயாளிகள் என்றால், 450 பேர் சரியாகவும் 100 பேர் தவறாகவும் பிடிபடுவார்கள். கிராமத்தில் 1,000 பேரில் 50 பேருக்குத்தான் நோய் என்றால், பிடிபடும் 235 பேரில் 45 பேரே உண்மையான நோயாளிகள். அதனால் கிராமத்தில் இந்தத் தாள் முதல் சல்லடை மட்டுமே. தாள் பிடித்தவர்களை மருத்துவரிடம் அனுப்பும்போது, 'நோயில்லை' என்று அது ஒதுக்கியவர்களிலும் ஒரு பங்கைக் குலுக்கல் முறையில் எடுத்து அனுப்புங்கள். அவர்களைப் பார்க்காவிட்டால், தாள் எத்தனை நோயாளிகளைத் தவறவிட்டது என்று சொல்ல வழியே இல்லை.