நுனாவுட்டின் முதல் முதல்வர் பால் ஒகாலிக்: கேள்வி பதில்

கேள்வி: அண்ணா, 34 வயதிலேயே முதல்வர் ஆகியிருக்கிறாரே, கட்சியில் அவ்வளவு செல்வாக்கா?

பதில்: அங்கே கட்சியே கிடையாது. கனடாவின் வடக்கே, இனுயிட் மக்கள் பெரும்பான்மையாக வாழும் நுனாவுட் 1999 ஏப்ரல் 1 அன்று தனிப் பிரதேசமானது. பிப்ரவரியிலேயே தேர்தல் முடிந்து 19 பேர் சுயேச்சைகளாக வந்துவிட்டார்கள். அவர்கள் கூடி ரகசிய வாக்கெடுப்பில் தங்களுக்குள் ஒருவரை முதல்வராகத் தேர்ந்தெடுத்தார்கள். கூட்டாட்சி நாடாளுமன்றத்தில் இருந்த ஜாக் அனாவாக்தான் வருவார் என்று பலரும் எண்ணியிருக்க, ஒகாலிக் வந்தார். அந்த வருடம்தான் அவர் வழக்கறிஞராகவும் பதிவு செய்திருந்தார்!

கேள்வி: சின்ன வயதில் சிறைக்குப் போனவர் என்கிறார்களே?

பதில்: உண்மைதான், அவரே மறைக்காமல் சொன்னது. பாங்னிர்ட்டுங் என்ற கடலோரக் கிராமத்தில் 1964இல் பிறந்தவர். இளவயதில் குடி, பூட்டை உடைத்துத் திருட்டு, சிறை. அப்புறம் இனுயிட் மக்களின் நில உரிமைக்காகக் கனடா அரசுடன் நடந்த பேச்சுவார்த்தையில் வேலை பார்த்தார். 1993 ஒப்பந்தமும் அதன் வழியே நுனாவுட்டும் பிறந்தது அந்தப் பேச்சுவார்த்தையில்தான். பிறகு கனடாவின் தலைநகர் ஒட்டாவா போய்ச் சட்டம் படித்தார்.

கேள்வி: அந்தச் சட்டசபை எப்படி இருக்கும்?

பதில்: எனக்குப் பிடித்த கேள்வி. உறுப்பினர்கள் வட்டமாக உட்காருவார்கள். அவையின் செங்கோல் நார்வால் திமிங்கிலத்தின் தந்தத்தால் ஆனது. இனுயிட் மக்களின் மொழியான இனுக்டிடூட்டில் ஒருவர் பேசினால் உடனுக்குடன் மொழிபெயர்ப்பு ஓடும்.

கேள்வி: ஆட்சியில் என்ன சாதித்தார்?

பதில்: 2008இல் வந்த இனுயிட் மொழிப் பாதுகாப்புச் சட்டத்தைத்தான் முதலில் சொல்வேன். தாய்மொழியில் சேவை கேட்பது உரிமையானது. நிலமும் கனிமமும் நுனாவுட் கைக்கு வர வேண்டும் என்று ஒட்டாவாவில் உள்ள கூட்டாட்சி அரசிடம் கேட்டுக்கொண்டே இருந்தார். அந்த ஒப்பந்தம் கையெழுத்தானது 2024இல்தான். வீட்டுப் பற்றாக்குறையும் தற்கொலைகளும் அவர் காலத்தில் தீரவில்லை. அதையும் சொல்லத்தான் வேண்டும்.

கேள்வி: பதவி எப்படிப் போனது?

பதில்: 2008 நவம்பரில் உறுப்பினர்கள் ஈவா ஆரியாக்கை முதல்வராகத் தேர்ந்தெடுத்தார்கள். 2011இல் ஒகாலிக் லிபரல் கட்சி சார்பில் கூட்டாட்சித் தேர்தலில் நின்று தோற்றார். 2013இல் மறுபடி சட்டசபைக்கு வந்து அமைச்சரானார்.

கேள்வி: பீர் கடைக்காக ராஜினாமா செய்தாராமே, அது என்ன கதை?

பதில்: 2016 மார்ச். அவர் அப்போது சுகாதார அமைச்சர். தலைநகர் இக்காலுயிட்டில் பீர், ஒயின் கடை திறக்க அரசு முடிவு செய்தது. திருட்டுச் சாராயம் குறையும் என்பது அரசின் வாதம். 2015இல் நடந்த வாக்கெடுப்பில் ஊர் மக்களும் ஆதரித்திருந்தார்கள். ஆனால் குடியிலிருந்து மீள நினைப்பவர்களுக்கு அப்போது நுனாவுட்டில் ஒரு சிகிச்சை மையம்கூட இல்லை. முதலில் அதைக் கட்டுங்கள், கடையை அப்புறம் பார்க்கலாம் என்பது அவர் நிலை. கடைக்கு ஆதரவாக நிற்க முடியாது என்று அமைச்சர் பதவியை விட்டார். குடியை உள்ளிருந்து அறிந்தவர், சுகாதாரத் துறையைக் கையில் வைத்திருந்தவர், வேறு என்ன செய்வார்? அவருடைய ஒன்பது வருட முதல்வர் பதவியைவிட இந்த ஒரு நாளைத்தான் நான் பெரிதாக மதிக்கிறேன்.

கேள்வி: கடை நின்றதா?

பதில்: இல்லை. 2017 செப்டம்பரில் திறந்தார்கள். சில வாரங்களில் வந்த தேர்தலில் அவரும் தோற்றார். சிகிச்சை மையத்துக்குக் கட்டட வேலை தொடங்கவே மேலும் பல வருடங்கள் ஆயின.